சிவந்த மண்: பரங்கிமலை யாத்திரிகர்கள்

இடைக்கால ஐரோப்பாவில் புனிதத் தலங்களுக்கு நடந்துசென்ற கிறிஸ்தவர்கள், ஈயமும் வெள்ளீயமும் கலந்து கல் அச்சில் வார்த்த சிறு வில்லைகளான யாத்திரைச் சின்னங்களைத் தலத்திலேயே வாங்கி, தொப்பியிலோ மேலங்கியிலோ குத்திக்கொண்டு ஊர் திரும்பினர். ஸ்பெயினின் சந்தியாகோவுக்குச் சிப்பி, 1170இல் கொல்லப்பட்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டின் கேன்டர்பரிக்கு அவரது தலையுருவம் எனச் சின்னத்தைக் கண்டே தலத்தை அறியலாம்.

இயேசுவின் சீடர் தோமாவை நாடி இன்றைய சென்னைக் கரைக்கு வந்தவர்கள் கொண்டுசென்றதோ மண். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த வெனிஸ் வணிகர் மார்க்கோ போலோ, தோமா உயிர்நீத்த இடத்தின் சிவந்த மண்ணைக் கிறிஸ்தவ யாத்திரிகர்கள் எடுத்துச்சென்று, விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சலுக்கு மருந்தாகக் கொடுத்தனர் என்றும், இஸ்லாமியரும் அவரைப் போற்றினர் என்றும் குறிப்பிடுகிறார். கேன்டர்பரியிலும் பெக்கெட்டின் குருதி கலந்ததாக நம்பப்பட்ட நீரை ஈயச் சிமிழில் அடைத்துக் கழுத்தில் மாட்டிச் சென்றதால், யாத்திரைச் சின்னத்தை வெறும் அணியாகக் கருதுவது பொருந்தாது.

தோமா உயிர்நீத்ததாக நம்பப்படும் பரங்கிமலையில், 1547இல் போர்த்துக்கீசியர் ஆலயத்துக்கு அடித்தளம் தோண்டியபோது வெளிப்பட்ட கற்சிலுவையே இன்று பீடத்தில் உள்ளது. அதன் விளிம்பில் வளைந்தோடும் எழுத்து, பழைய பாரசீகத்தில் வழங்கிய பஹ்லவி என்பதால், அந்நாட்டுத் திருச்சபையோடு கடல்வழித் தொடர்பு கொண்டிருந்த கிறிஸ்தவர்கள் போர்த்துக்கீசியருக்கு நெடுங்காலம் முன்பே இங்கு வழிபட்டமை புலனாகிறது. மலையேறும் படிகளை 18ஆம் நூற்றாண்டில் அமைத்தவர் ஆர்மீனிய வணிகர் பெத்ரூஸ் உஸ்கான். யாத்திரிகர்கள் அடையாற்றைக் கடக்கச் சைதாப்பேட்டையில் பாலம் கட்டியவரும் அவரே.