மீட்டருக்கு முன், மீட்டருக்குப் பின்: ஹைதராபாத்தில் புது வீட்டின் தண்ணீர்

ஹைதராபாத்தில் புதிதாக அடுக்குமாடி வீடு வாங்குபவரும் வாடகைக்குக் குடிபுகுபவரும் குழாயைத் திறந்தவுடன் காணும் தண்ணீர் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. நீர் வாரியம் பல பகுதிகளில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சிறிது நேரமே விடும் ஆற்று நீர், வளாகத்திலேயே தோண்டிய ஆழ்துளைக் கிணற்று நீர், கோடையில் டேங்கர் லாரி கொண்டுவந்து கொட்டும் நீர் ஆகிய மூன்றும் நிலத்தடித் தொட்டியான சம்ப்பில் ஒன்றாகக் கலந்து, மோட்டாரால் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றப்பட்ட பிறகே வீட்டுக்குள் இறங்குகின்றன. தண்ணீர் கலங்கலாக வந்தாலோ, கட்டணம் திடீரென ஏறினாலோ யாரைக் கேட்பது என்ற குழப்பம் இந்தக் கலப்பிலிருந்தே தொடங்குகிறது. தெருக்குழாயில் வரும் நீரின் தரத்துக்கும் மீட்டர் காட்டும் கணக்குக்கும் வாரியம் பதில் சொல்ல வேண்டும். மீட்டரைக் கடந்த பிறகு சம்ப், மோட்டார், உட்குழாய்கள் ஆகியவற்றுக்குக் கட்டுநரோ குடியிருப்போர் சங்கமோ வீட்டு உரிமையாளரோ பொறுப்பாவர். குறை இந்த எல்லைக்கோட்டின் எந்தப் பக்கத்தில் நேர்ந்தது என்று காட்ட முடிந்தவருக்கே சட்டம் தரும் பரிகாரங்கள் எளிதில் கைக்கு எட்டும்.

நீரின் வழி

1908 செப்டம்பரில் மூசி ஆற்றில் வந்த பெருவெள்ளம் நகரைச் சூறையாடியதை அடுத்து, வெள்ளத்தைத் தடுக்கவும் குடிநீர் தரவும் கட்டப்பட்ட உஸ்மான் சாகர் 1920இலும் ஹிமாயத் சாகர் 1927இலும் நிறைவடைந்தன. நகரம் விரிந்தபோது மஞ்சீரா ஆற்று நீரும் சிங்கூர் அணையின் நீரும் சேர்ந்தன. 2004 முதல் நாகார்ஜுன சாகரை ஒட்டிய பகுதியிலிருந்து கிருஷ்ணா நீரும், 2015 முதல் எல்லம்பள்ளியிலிருந்து கோதாவரி நீரும் வருகின்றன. தக்காணப் பீடபூமியில் கடல்மட்டத்துக்கு மேல் 500 மீட்டருக்கும் கூடிய உயரத்தில் அமைந்த ஊருக்கு, தாழ்வான நதிப்படுகைகளிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேலான தொலைவைக் கடந்து நீரை இறைத்து ஏற்ற வேண்டியிருப்பதால், ஒவ்வொரு குடத்திலும் மின்செலவு அடங்கியிருக்கிறது.

இந்த நீரைப் பகிர்ந்தளிப்பது 1989இல் அமைக்கப்பட்ட ஹைதராபாத் பெருநகர் குடிநீர் வழங்கல், கழிவுநீர் அகற்று வாரியமாகும். செகந்திராபாத் கண்டோன்மென்ட் எல்லைக்குள் மட்டும் வாரியத்திடமிருந்து மொத்தமாக நீரைப் பெற்றுக் கண்டோன்மென்ட் நிர்வாகமே வீடுகளுக்கு வழங்குகிறது. ஆகவே வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளாமல் அனுப்பும் புகார், முகவரி தவறிய கடிதம்போல் அலையும்.

கணக்கும் கட்டணமும்

ஒவ்வொரு இணைப்புக்கும் வாரியம் ஒரு வாடிக்கையாளர் கணக்கு எண்ணைத் தருகிறது. அங்கு வழக்கில் ‘கேன் நம்பர்’ எனப்படும் அந்த எண்ணின்மேல்தான் பில், நிலுவை, புகார், சலுகை எல்லாம் நிற்கின்றன. பயன்பாடு கிலோலிட்டரில், அதாவது ஆயிரம் லிட்டரை ஓர் அலகாகக் கொண்டு அளக்கப்படுகிறது. பில்லில் முந்தைய அளவு, இப்போதைய அளவு, இடைப்பட்ட நாட்கள் ஆகிய மூன்றையும் மீட்டரின் முகப்போடு ஒப்பிட்டாலே பெரும்பாலான பிழைகள் தெரிந்துவிடும். மீட்டர் ஓடாமல் நின்றுபோயிருந்தால் கணக்கு உண்மையான பயன்பாட்டைக் காட்டாது. குடிநீர்க் கட்டணத்தோடு அதன் ஒரு பங்காகக் கழிவுநீர் வரியும் சேர்வதால், அளவில் நேரும் பிழை இருமுறை வலிக்கும்.

மாநகராட்சி எல்லைக்குள் உள்ள வீடுகளுக்கு மாதம் 20,000 லிட்டர் குடிநீர் இலவசம் என்னும் திட்டம் 2021 ஜனவரி 12 அன்று தொடங்கப்பட்டது. குடிசைப் பகுதிகள் நீங்கலாக மற்ற வீடுகள் இதைப் பெற, மீட்டர் ஓடும் நிலையில் இருக்க வேண்டும். கேன் நம்பருடன் ஆதாரும் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். நகர்ப்புறக் குடிநீர்த் திட்டமிடலில் வழங்கும் அளவாகக் கொள்ளப்படும் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற கணக்கில் பார்த்தால், நால்வர் கொண்ட குடும்பத்துக்கு முப்பது நாட்களுக்கு 16,200 லிட்டர் போதும். கசிவில்லாத அத்தகைய வீட்டுக்கு இச்சலுகை முழுத் தேவையையும் ஈடுசெய்கிறது.

அடுக்குமாடியில் நிலைமை வேறு. முழுக் கட்டடத்துக்கும் ஒரே கேன் நம்பரும் ஒரே மீட்டரும் இருக்கும்போது, சலுகை வீட்டு எண்ணிக்கையால் பெருக்கிக் கணக்கிடப்படுகிறது. இருபது வீடுகள் கொண்ட கட்டடத்தில் அனைவரும் ஆதாரை இணைத்திருந்தால் 400 கிலோலிட்டர் இலவசம். நால்வர் இணைக்காவிட்டால் அது 320 ஆகச் சுருங்குகிறது. வரும் பில்லைச் சங்கம் பராமரிப்புத் தொகையில் சமமாகப் பிரித்துவிட்டால், இணைத்தவரும் இணைக்காதவருக்காகப் பணம் கட்ட நேரும். ஆகையால் பராமரிப்புக் கணக்கில் வாரியத்தின் பில், டேங்கர் செலவு, மோட்டார் மின்கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும்படி சங்கத்திடம் கேட்பது ஒவ்வொரு குடியிருப்பவரின் நியாயமான கோரிக்கையாகும்.

பில் காரணமின்றி ஏறினால், புகாருக்கு முன் ஒரு சோதனை உண்டு. தண்ணீர் விடும் நாளில் சம்ப் நிறைந்து, மிதவை வால்வு நீர்வரத்தை அடைத்த பிறகு மீட்டர் அசையாமல் நிற்க வேண்டும். அப்போதும் முள் நகர்ந்தால், மீட்டருக்கும் சம்ப்புக்கும் இடையே குழாய் கசிகிறது. தண்ணீர் வராத இரவில் மோட்டாரை நிறுத்திவிட்டு, சம்ப்பின் உட்சுவரில் நீர்மட்டத்தில் சாக்பீஸால் கோடு கிழித்து, விடிந்ததும் பார்த்தால் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கக் கூடாது. இறங்கியிருந்தால் தொட்டியில் விரிசல் இருக்கிறது. நீர் வெளியேறும் அதே விரிசல் வழியே மழைக்காலத்தில் சுற்றுப்புறக் கழிவுநீர் உள்ளே வரும் என்பதால், அது பணநட்டத்தோடு உடல்நலக் கேட்டுக்கும் வாசலாகிறது.

தரம்: கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்

குடிநீரின் தரத்துக்கு இந்தியாவில் அளவுகோலாக இருப்பது ஐ.எஸ். 10500 என்னும் இந்தியத் தர நிர்ணயமாகும். கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள், அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத நிலையில் 2,000 வரை அனுமதிக்கப்படுகிறது. ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5ஐத் தாண்டக் கூடாது. நைட்ரேட் 45ஐ மீறக் கூடாது. கிருமிக்கொல்லியாகச் சேர்த்த குளோரின் குழாய் முனையிலும் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும். 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலை என்னும் குடற்கிருமி ஒன்றுகூட இருக்கலாகாது. பலரும் அஞ்சும் லேசான குளோரின் வாசனை, வழியில் கிருமி புகுந்தாலும் அதை எதிர்க்க மருந்து மிச்சமிருக்கிறது என்பதன் அடையாளம்.

விட்டுவிட்டுத் தண்ணீர் வழங்கும் முறையில் இந்தப் பாதுகாப்பு கூடுதலாகத் தேவைப்படுகிறது. நீர் நிறுத்தப்பட்டதும் குழாயினுள் அழுத்தம் குறைந்து வெற்றிடம் உண்டாகிறது; அருகில் சாக்கடைக் குழாய் கசிந்தால், குடிநீர்க் குழாயின் துருப்பிடித்த துளைகள் வழியே கழிவுநீர் உறிஞ்சப்பட்டு, அடுத்த முறை வரும் நீரோடு வீடு சேர்கிறது. 2009 மே மாதம் ஹைதராபாத்தின் போலக்பூர் பகுதியில் கழிவுநீர் கலந்த குடிநீரைப் பருகிப் பலர் உயிரிழந்தது இந்த ஆபத்தின் கொடிய சான்று. தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி இழுப்பது அதே உறிஞ்சலைச் செயற்கையாக உண்டாக்கி, அண்டை வீட்டாரின் பங்கையும் பறிக்கிறது. 2025 ஏப்ரலில் வாரியம் இதற்கு எதிராகத் தனி நடவடிக்கை தொடங்கி, மோட்டாரைப் பறிமுதல் செய்வதோடு 5,000 ரூபாய் அபராதமும் அறிவித்தது.

ஆழ்துளைக் கிணற்று நீரின் சிக்கல் வேறு வகையானது. கருங்கல் பாறைகளின் இடுக்கில் தேங்கும் நீரில் கடினத்தன்மை மிகுதி, சில இடங்களில் ஃபுளோரைடும் உண்டு. கழிவுநீர்த் தொட்டிகள் அருகில் இருந்தால் நைட்ரேட் சேரும். கொதிக்க வைத்தால் கிருமி சாகுமே ஒழிய, நைட்ரேட்டும் ஃபுளோரைடும் குறையா. நீர் ஆவியாவதால் அவற்றின் செறிவு சற்றே கூடவும் செய்யும். கையடக்க டி.டி.எஸ். கருவி உப்பை அளக்குமே தவிரக் கிருமியை அறியாது. எண் குறைந்திருப்பதாலேயே நீர் தூயது என்று விற்பனையாளர் சொல்வதை நம்பலாகாது.

தரத்தில் ஐயம் எழுந்தால் ஒரு குப்பியை நிரப்பிக் கொடுப்பது போதாது. தண்ணீர் விடும் நேரத்தில் மீட்டரை ஒட்டிய குழாயிலிருந்து ஒன்றும், சமையலறைக் குழாயிலிருந்து மற்றொன்றுமாக இரு மாதிரிகளைத் தனித்தனிக் குப்பிகளில் எடுத்து, நாராயணகூடாவில் உள்ள நோய்த்தடுப்பு மருத்துவ நிறுவனம் போன்ற ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் தூய்மையாக்கப்பட்ட குப்பியே தேவை. முதல் மாதிரி தேறி இரண்டாவது தவறினால் குறை கட்டடத்துக்குள்; முதலாவதே தவறினால் வாரியத்தின் பக்கம்.

உரிமையும் பரிகாரமும்

தூய குடிநீர் பெறுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்திய தீர்ப்புகளில் ஒன்று ஹைதராபாத்தை ஒட்டியே எழுந்தது. உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஏரிகளைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் மாசுபடுத்தும் தொழில்களைத் தடுத்த 1996ஆம் ஆண்டின் 111ஆம் அரசாணையிலிருந்து ஓர் எண்ணெய் ஆலைக்கு விலக்களித்தது செல்லாது என்று எம்.வி. நாயுடு வழக்கில் நீதிமன்றம் முடிவு செய்தது.

மீட்டருக்குப் பின்னுள்ள குறைகளுக்கு 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரேரா துணை நிற்கிறது. குடிபுகத் தகுதிச் சான்று என்பதே தண்ணீர், கழிவுநீர், மின்சாரம் ஆகிய வசதிகள் கொண்ட கட்டடத்துக்கு உரியது என்று அச்சட்டம் வரையறுக்கிறது. வீட்டை ஒப்படைக்கும் வரையிலான தண்ணீர்க் கட்டணத்தைக் கட்டுநரே செலுத்த வேண்டும். பாக்கி வைத்துவிட்டு ஒப்படைத்தாலும் கடன் அவருடையதே. ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் சம்ப் விரிசல், குழாய்க் கசிவு போன்ற வேலைக்குறைகள் சுட்டிக்காட்டப்பட்டால், அவற்றை முப்பது நாட்களுக்குள் இலவசமாகச் சரிசெய்யக் கட்டுநர் கடமைப்பட்டவர். தவறினால் தெலங்கானா ரேரா ஆணையத்தை அணுகலாம். பழைய வீட்டை வாங்குபவருக்கு இந்தக் காப்பு இல்லாததால், பத்திரப் பதிவுக்கு முன் கேன் நம்பரின் கடைசி பில்லையும் நிலுவையின்மையையும் கேட்டுப் பார்ப்பது அவருடைய பொறுப்பு.

மீட்டருக்கு முன்னுள்ள குறைக்கு முதற்படி 155313 என்னும் வாரியத்தின் உதவி எண். அழைத்ததும் தரப்படும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளாதவர் பின்னால் எதையும் நிறுவ முடியாது. பதில் வராவிட்டால் எழுத்து மூலம் முறையிட்டு, மீட்டர் அளவெடுப்புப் பதிவையும் தரச்சோதனை முடிவையும் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அதற்கும் அப்பால், பலர் அறியாத ஒரு வாசல் நிரந்தர மக்கள் நீதிமன்றம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் குடிநீர் வழங்கலைப் பொதுப்பயன்பாட்டுச் சேவையாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுவதால், வேறு நீதிமன்றத்துக்குப் போகாத வழக்கை இங்கே நீதிமன்றக் கட்டணமின்றிக் கொண்டுவரலாம். சமரசம் முறிந்தாலும் மன்றமே தீர்ப்பளிக்கும், அது இருதரப்பையும் கட்டுப்படுத்தும்.

இத்தனை வாசல்களிலும் கேட்கப்படுவது ஒன்றே: குறை எங்கே, எப்போது நேர்ந்தது என்பதற்கு என்ன சான்று? குடிபுகும் நாளில் தேதியோடு எடுத்த மீட்டரின் நிழற்படம், முந்தைய உரிமையாளரின் கடைசி பில், முதல் வாரத்தில் பெற்ற இரு மாதிரிகளின் ஆய்வறிக்கை ஆகிய மூன்று தாள்கள் ஒரு கோப்பில் இருந்தால், பின்னாளில் எழும் எந்த வழக்கும் அங்கிருந்து தொடங்க முடியும்.