மூன்றாவது ஆளைப் பார்த்துச் சிரிக்காதே!

செங்கம்! சவ்வாது மலையின் அடிவாரத்திலே, செய்யாற்றங்கரையிலே அமைந்த ஊர். சங்கத் தமிழ் அதனைச் செங்கண்மா என்று அழைத்தது. நன்னன் என்னும் வேள் ஆண்ட ஊர். மலைபடுகடாம் பாடிப் பெருமை பெற்ற ஊர். அந்த ஊரின் தேநீர்க்கடைப் பெஞ்சிலே ஒருநாள் காலை எழுந்த சிரிப்பொலி இன்னும் என் காதைவிட்டு அகலவில்லை. அதைப்பற்றித்தான் எழுதுகிறேன், தோழர்களே!

கைக்குக் கை மாறி ஒரு துண்டறிக்கை வந்தது. பெரிய கட்சிகள் இரண்டிலும் சேராத ஒருவர் வார்டுக்கு நிற்கப் போகிறாராம். படமில்லை, பட்டமில்லை, அடுக்குமொழி இல்லை. நாலே நாலு சங்கதிகள்.

குழாயிலே தண்ணீர் வரும் நாளையும் நேரத்தையும் தெருவுக்குத் தெரு எழுதிப்போட வேண்டும். சாக்கடைக் குழியிலே மனிதனை இறக்கக் கூடாது; துப்புரவுத் தொழிலாளிக்குக் குறித்த தேதியிலே கூலி கொடுக்க வேண்டும். மலையிலிருந்து புளியும் தேனும் சாமையும் கொண்டுவருவோரிடம் சந்தைக் குத்தகைக்காரர் எவ்வளவு வசூலிக்கலாம் என்பதைப் பலகையிலே எழுதி மாட்ட வேண்டும். மன்றத்தின் வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மக்கள் முன்னே படித்துக் காட்ட வேண்டும்.

படித்து முடித்த நம் தோழர் சிரித்தார். "டெபாசிட்டே தேறாது, இவரு மன்றத்துக்குப் போயி கிழிக்கப் போறாராம்!" பெஞ்சே சேர்ந்து சிரித்தது. மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "சிரிக்கிறது இருக்கட்டும் தம்பி. இந்த நாலுக்கும் உங்க கட்சி பதில் என்னா?"

சிரிப்பு நின்றது. பதில் பிறக்கவில்லை.

தோழனே! மூன்றாவது ஆளைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை வேறு எவருக்கு இருந்தாலும் நமக்கு உண்டா? 1949-இல் கொட்டும் மழையிலே பிறந்த கழகம், 1957-இல் முதன்முதலாகச் சட்டமன்றத் தேர்தலிலே நின்று 15 இடங்கள் பெற்றது. காங்கிரசுக்கோ 150-க்கும் மேல்! கூத்தாடிகள் என்றார்கள், கூட்டம் வரும், ஓட்டு வராது என்றார்கள். அந்தக் கூத்தாடிகள் 1959-இல் சென்னை மாநகராட்சித் தேர்தலிலே நின்றார்கள். மன்றத்தின் 100 இடங்களிலே 45 இடங்களைப் பிடித்தார்கள். தனிப் பெரும்பான்மை இல்லை. ஆயினும் பிறர் ஆதரவும் சேர்ந்தது, அ.பொ. அரசு மேயரானார். எட்டே ஆண்டுகள்! 1967-இல் கோட்டையே கைக்கு வந்தது. கோட்டைக்குப் போன வழி மாநகராட்சி மன்றத்தின் வழியாகப் போயிற்று என்பதை மறக்கலாமா?

கடல் கடந்தும் பாருங்கள். அமெரிக்காவிலே மில்வாக்கி என்றொரு தொழில் நகரம். இரண்டு பெருங்கட்சிகளின் நாட்டிலே, மூன்றாவதாகச் சோஷலிஸ்டுக் கட்சி 1910-இல் அந்நகரத்தின் மேயர் பதவியைப் பிடித்தது. அக்கட்சியின் டேனியல் ஹோன் 1916 முதல் 1940 வரை, 24 ஆண்டுகள், மேயராக இருந்தார். அவர்கள் என்ன பேசினார்கள்? கழிவுநீர்க் குழாய், சுத்தமான குடிநீர், பூங்கா, பொதுச் சுகாதாரம்! சொந்தக் கட்சியிலேயே சிலர் "சாக்கடைச் சோஷலிஸ்டுகள்" என்று ஏளனம் செய்தார்கள். ஏளனத்தை அவர்கள் விருதாக அணிந்துகொண்டார்கள். தொழிலாளியின் குழந்தை காய்ச்சலிலே சாகாமல் இருக்கச் சாக்கடையும் ஒரு சித்தாந்தந்தானே!

உள்ளூர் மன்றம் என்ன பெரிய மன்றம் என்று கேட்பாரும் உண்டு. 1920-இல் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியை நடத்தியபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே ஏழைப் பிள்ளைகளுக்குப் பகல் உணவு போடத் தீர்மானம் நிறைவேறிற்று. பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு! அந்த ஓர் அணா விதைதான் பின்னே காமராசர் ஆட்சியிலே மாநிலம் முழுவதும் பரவிய மதிய உணவாயிற்று, 1982-இல் சத்துணவாயிற்று, 2022-இல் காலை உணவாயிற்று.

இன்றோ சட்டமும் துணை நிற்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர மன்றங்களுக்கு உரியவை என 18 பொருள்களை அட்டவணை போட்டது. குடிநீர் அதிலே உண்டு, துப்புரவு உண்டு, தெருவிளக்கு உண்டு. பாதுகாப்புக் கருவியின்றி மனிதனைச் சாக்கடையிலே இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கணக்கைக் கேட்க 2005-இன் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆகவே அந்தத் துண்டறிக்கையின் நாலு சங்கதிகளும் வானத்தை வில்லாக வளைக்கும் வாக்குறுதிகள் அல்ல. மன்றம் மனம் வைத்தால் செய்யக்கூடிய வேலைகள். புது ரயில் விடுகிறேன் என்று வார்டு வேட்பாளர் சொன்னால் சிரியுங்கள். குழாய்க்கு நேரம் குறி என்று சொன்னால் சிரிக்காதீர்கள்!

ஒற்றை ஆள் உள்ளே போய் என்ன செய்வான்? கேள்வி கேட்பான். சந்தைக் குத்தகையை யார் எடுத்தார், எவ்வளவுக்கு எடுத்தார் என்று கேட்பான். எதிர்ப்பைத் தீர்மானப் புத்தகத்திலே பதியச் சொல்லுவான். பெரும்பான்மைக்குக் கை தூக்கத் தெரியும். கேள்விக்குத்தான் கை நடுங்கும்.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாம் வென்ற அதே சென்னை மாநகராட்சி மன்றத்தை, கூலிப்பட்டியல் ஊழல் புகார் எழுந்து, 1973-இல் நம் கழக அரசே கலைத்தது. அதன்பின் 1996 வரை அங்கே தேர்தலே இல்லை. உழைக்காதவன் பெயரைப் பட்டியலிலே ஏற்றினால், உழைப்பவன் ஓட்டு பட்டியலிலிருந்தே போய்விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மன்றத்தைப் பிடிப்பது ஒரு வெற்றி; கணக்கைக் காட்டுவது அதனினும் பெரிய வெற்றி.

எனவே செங்கத்துத் தோழர்களே, அந்தத் துண்டறிக்கையைக் கசக்கி எறியாதீர்கள். சட்டைப் பையிலே மடித்து வையுங்கள். நாலுக்கும் நம் பதிலை எழுதுங்கள்: எது செய்வோம், எந்த மாதத்துக்குள் செய்வோம், பணம் எங்கிருந்து வரும் என்று. எழுதியதை அந்த மூட்டை தூக்கும் பெரியவரிடம் முதலில் படித்துக் காட்டுங்கள். அவர் தலையசைத்தால் ஓட்டுக் கேட்கப் புறப்படுங்கள். அவர் தலையசைக்காவிட்டால் மறுபடி உட்கார்ந்து எழுதுங்கள்.

மூன்றாவது ஆள் தோற்கலாம். அவன் கேட்ட கேள்வி தோற்காது. அதற்குப் பதில் வைத்திருப்பவனே வெல்லத் தகுந்தவன்!