ஓரக் கோட்டை மறைக்காதீர்கள்

பேஜ்மேக்கரிலோ இன்டிசைனிலோ பக்கத்தைத் திறந்ததும் நான்கு புறமும் மெல்லிய வண்ணக் கோடுகள் தெரியும். அவைதான் மார்ஜின். வேலை தொடங்கியதுமே அவற்றை மறைத்துவிடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. தேனியிலிருந்து கம்பம் வரை டி.டி.பி. கடைகளில் உருவாகும் கல்யாணப் பத்திரிகை, வீரபாண்டி சித்திரைத் திருவிழா நோட்டீஸ், கடை பில் புத்தகம் எதுவானாலும் அந்தக் கோடு கடைசிவரை திரையில் இருந்தாக வேண்டும் என்பது என் கட்சி. திரையில் தெரியும் தாளுக்கு மடிப்பும் இல்லை, வெட்டுக்கத்தியும் இல்லை. பக்கத்தைப் பாதி அளவில் பார்த்தால் 6 மில்லிமீட்டர் ஓரம் 3 மில்லிமீட்டராகத் தெரியும். அது போதுமா என்று கண்ணால் சொல்ல முடியாது. அச்சகத்திலோ கணக்கு கறாரானது. ஆஃப்செட் இயந்திரத்தின் கிரிப்பர் கவ்வும் விளிம்பில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்கு மை விழாது. கட்டாக அடுக்கி வெட்டும்போது தாள் சற்றே நகரும். அதனால்தான் விளிம்புவரை வரும் வண்ணத்தை 3 மில்லிமீட்டர் வெளியே நீட்டுகிறார்கள், எழுத்தை உள்ளே தள்ளுகிறார்கள். போடி ஏலக்காய் வியாபாரியின் பில் புத்தகத்துக்கு இன்னும் கவனம் வேண்டும். இடப்பக்கம் பின் அடித்து, பைண்டிங் போட்டு, கிழிப்பதற்குத் துளைவரிசையும் இட்ட பிறகு மிஞ்சுவதுதான் பில். நான்கு ஓரங்களையும் ஒரே அளவில் விட்டால் வரிசை எண் பைண்டிங்குக்குள் புதைந்துவிடும்.

தமிழுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல். யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்த தமிழ், பழைய மென்பொருளுக்கு வெறும் ஆங்கில எழுத்து வரிசைதான். ‘உத்தமபாளையத்திலிருந்து’ போன்ற நீண்ட சொல்லை எங்கே உடைப்பது என்று அதற்குத் தெரியாது. உடைப்பவர் கடைக்காரர்தான். தனிப் பெட்டியில் வைத்த வரி ஓரத்தைத் தாண்டினாலும் மென்பொருள் தடுக்காது. கோட்டைப் பார்க்கிற கண்தான் தடுக்க வேண்டும்.

கோடுகள் அழகை மறைக்கின்றன, வாடிக்கையாளர் அவையும் அச்சாகும் என்று பதறுகிறார் என்பார்கள். நியாயமான குறைதான். ஆனால் அவை அச்சில் வராது; இன்டிசைனில் எழுத்துக் கருவி கையில் இல்லாதபோது ‘டபிள்யூ’ விசையை ஒருமுறை அழுத்தினால் கோடின்றிக் காட்டலாம், மறுமுறை அழுத்தினால் திரும்பிவிடும். இதைவிடக் கனமான ஆட்சேபம் இடத்தைப் பற்றியது: கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரை விட்டால் உறவே முறியும், இதில் ஓரத்துக்கு எங்கே இடம்? ஏ4 தாளில் நான்கு புறமும் 20 மில்லிமீட்டர் விட்டால் 70 சதவீதப் பரப்புதான் எழுத்துக்கு. 10 ஆக்கினால் 84. ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது, அதை மறுக்கவே முடியாது. ஒற்றைத் தாள் நோட்டீஸுக்கு 10 போதும் என்றே நானும் சொல்வேன். ஆனால் அந்த முடிவைப் பக்க அமைப்பில் எண்ணாகப் போட்டு, கோட்டையே நகர்த்திச் செய்ய வேண்டும். கோட்டை மறைத்துவிட்டுப் பெயர்களை விளிம்புக்குத் தள்ளுவது வேறு. கோரல் டிராவில் வேலை செய்பவர்கள் வழிகாட்டிக் கோடுகளை இழுத்து வைத்துப் பூட்டிவிடலாம். இலவச மென்பொருளான ஸ்கிரைபஸில் ஓரங்களைக் காட்டும் வசதி ‘வியூ’ பட்டியலிலேயே இருக்கிறது.