தோட்டத் தீவில் ஒரு புயல்

விடுமுறை வந்ததும் வெப்பநாட்டுத் தீவு ஒன்றை நாடிச் செல்வது மேலைநாட்டாரிடையே பெருவழக்கு. வெண்மணற் கரையும், தென்னஞ் சோலையும், நீராட இதமான வெதுவெதுப்பான கடலும் அவர்களைப் பல்லாயிரம் மைல் தொலைவுக்கு இழுத்து வருகின்றன. ஆனால், நீராடுவோருக்கு இன்பம் தரும் அவ்வெதுவெதுப்பே புயலுக்கு உணவு என்பதை அவர்களுள் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றனர்? பசிபிக் மாக்கடலிலுள்ள கவாய்த் தீவில் 1992ஆம் ஆண்டு நிகழ்ந்ததைக் கொண்டு இதனை விளக்கலாம் என எண்ணுகிறேன்.

ஹவாய் என்பதும் கவாய் என்பதும் ஒன்றல்ல. ஹவாய்த் தீவுக் கூட்டத்தின் பெருந்தீவுகள் வரிசையில் வடமேற்கே அமைந்த ஒரு சிறு தீவே கவாய். பரப்பு சுமார் 550 சதுர மைல். அக்காலத்து மக்கள் தொகை ஏறத்தாழ 50,000. நடுவே நிற்கும் வயாலேயாலே மலை உலகில் மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. அம்மழையின் பயனாகத் தீவு முழுவதும் பச்சைப் பசேலென்று விளங்குவதால் இதற்குத் ‘தோட்டத் தீவு’ என்ற சிறப்புப் பெயரும் உண்டு. கடலோரமாகச் செல்லும் நெடுஞ்சாலை தீவைச் சுற்றி வருவதில்லை. வடமேற்கில் செங்குத்தான மலைப்பாறைகள் அதனை மறித்துவிடுகின்றன. இந்தச் செய்தியை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆபத்து வந்தால் அங்கே ஓடிப்போக ஊர் இல்லை. விமானத்தையோ கப்பலையோ விட்டால் கடல்தான்.

இனி, புயல் பிறக்கும் விதத்தைச் சிறிது பார்ப்போம். கடல்நீரின் வெப்பம் ஏறத்தாழ 26½ பாகை சென்டிகிரேடுக்கு மேற்பட்டு, அவ்வெப்பம் ஓரளவு ஆழம்வரை பரவியிருக்க வேண்டும். அந்நீர் ஆவியாகி மேலே எழும். எழுந்த ஆவி குளிர்ந்து மேகமாகும்போது, தான் ஒளித்து வைத்திருந்த வெப்பத்தை வெளியே விடும். அவ்வெப்பத்தால் காற்று மேலும் விரைந்து மேலே செல்ல, கீழே அழுத்தம் குறைந்து, நாற்புறமிருந்தும் காற்று ஓடிவரும். பூமி சுழல்வதனால் அக்காற்று நேரே வந்து சேராமல், வடகோளத்தில் இடஞ்சுழியாகச் சுழலத் தொடங்கும். அடுப்பும் துருத்தியும் ஒன்றையொன்று வளர்ப்பது போன்றது இது. நம் வங்காள விரிகுடாவில் எழும் புயலும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. கடல்தோறும் பெயர் மட்டும் மாறுகிறது; ஹவாயைச் சூழ்ந்த கடலில் அதனை ஹரிக்கேன் என்பர்.

அவ்வாறாயின், வெப்பக் கடலின் நடுவே கிடக்கும் ஹவாய்த் தீவுகளைப் புயல்கள் ஆண்டுதோறும் ஏன் தாக்குவதில்லை? தீவுகளுக்கு வடக்கே பெரும்பாலும் உயர் அழுத்த மண்டலம் ஒன்று நிலைகொண்டிருக்கும். அது கிழக்கிலிருந்து வரும் புயல்களை வடக்கே திரும்பவிடாமல், தீவுகளுக்குத் தெற்காக மேற்கு நோக்கித் தள்ளிவிடும். வியாபாரக் காற்று என்னும் இனிய காற்றைத் தீவுகளுக்கு வழங்குவதும் அம்மண்டலமே. அம்மதில் இடிந்துவிடாத வரையில் அச்சமில்லை.

1992 செப்டம்பரில் அம்மதிலில் ஒரு திறப்பு விழுந்தது. மாதத் தொடக்கத்தில் தென்கிழக்கே தொலைவில் பிறந்த புயலொன்று, வழக்கம் போலவே மேற்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அது தீவுகளைத் தொடாமல் கடந்துவிடும் என்றே எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் மேல்வானில் தீவுகளுக்கு மேற்கே அமைந்த ஒரு தாழ்வழுத்தப் பள்ளம் உயர் அழுத்த மண்டலத்தைத் தளர்த்திவிட, புயல் வடக்கே திரும்பிற்று. கடலும் அவ்வாண்டு சற்று மிகுதியாகவே வெம்மையுற்றிருந்தது. ஆகவே திரும்பிய புயல் வலுக்கொண்டே வந்தது. எச்சரிக்கைக்கும் தாக்குதலுக்கும் இடையே ஒரு முழு நாள்கூடக் கிடைக்கவில்லை.

அதற்கு இட்ட பெயர் இனிக்கி. நம் செவிக்கு இனிப்பாய் ஒலிக்கிறது. ஹவாய் மொழியிலோ, ஊசிபோல் குத்தும் கடுங்காற்றை அது குறிக்கும்.

செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை பிற்பகல், மணிக்கு ஏறத்தாழ 145 மைல் வேகக் காற்றோடு அது தீவின் தென்கரையில் ஏறிற்று. மலைகளைத் தாண்டி இறங்கிய காற்று சில இடங்களில் அதனினும் கொடிதாய் இருந்தது. புயலின் கண் கடந்து சென்ற ஊர்களில் இடையே காற்று ஓய்ந்தது. அந்த ஓய்வே மிகப் பொல்லாதது. புயல் போய்விட்டதென்று எண்ணி வெளியே வருபவனை, எதிர்த்திசையிலிருந்து வரும் இரண்டாம் காற்று பிடித்துக்கொள்ளும். 1,400க்கு மேற்பட்ட வீடுகள் அடியோடு அழிந்தன. பெருஞ்சேதமுற்றவை 5,000க்கும் அதிகம். தென்கரையிலிருந்த பொய்ப்பு என்னும் உல்லாசக் கரையின் விடுதிகளுக்குள் அலைகள் புகுந்தன.

இவ்வளவு பேரழிவில் இறந்தோர் ஆறு பேரே என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. ஆறு உயிரும் பெரிதுதான். ஆயினும் அந்த எண்ணிக்கை பன்மடங்காகாமல் தடுத்தது எது? பத்தாண்டுகளுக்கு முன், 1982 நவம்பரில், இவா என்ற புயல் அதே தீவைத் தாக்கியிருந்தது. சங்கு ஒலித்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதை உள்ளூர் மக்கள் அறிந்திருந்தனர். பள்ளிக்கூடங்கள் புகலிடங்களாயின. விருந்தினருக்கோ அத்தீவைப் பற்றிய நினைவு எதுவுமில்லை. முந்தின நாள் கடலழகைத்தான் அவர்கள் அறிவார்கள். தீவாரின் பழைய துன்பமே அவர்களையும் சேர்த்துக் காப்பாற்றிற்று என்று கூறுவது மிகையாகாது. சில விடுதிகள் தம் விருந்தினரை முன்னதாகவே வெளியேற்றின. வேறு சிலர் விடுதிக்குள்ளேயே காத்திருந்து பிழைத்தனர்.

அவ்வாறு காத்திருந்தவர்களுள் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் படப்பிடிப்புக் குழுவினரும் அடங்குவர். ‘ஜுராசிக் பார்க்’ படத்திற்காக அங்கே வந்திருந்த அவர்கள், விடுதியின் பெருங்கூடத்தில் அடைபட்டுப் புயலைக் கழித்தனர். அப்படியும் தொழிலை மறக்கவில்லை. பொங்கிய கடலைப் படம் பிடித்தனர். 1993இல் வெளியான அப்படத்தில் அக்காட்சியும் இடம் பெற்றது. கதையிலும் விருந்தினர் ஒரு தீவில் புயலில் சிக்கிக்கொள்கின்றனர்!

மறுநாள் தொடங்கியதுதான் நெடிய வேதனை. தொலைபேசிக் கம்பிகள் அறுந்தன. தனியார் சிலர் பொழுதுபோக்காக வைத்திருந்த வானொலிக் கருவிகளே வெளியுலகோடு பேச உதவின. வானொலியில் பேசுகிறவன் என்பதால் இதனைச் சற்றுப் பெருமையோடு குறிப்பிடுகிறேன். வந்தவர்கள் விமானம் ஏறித் தத்தம் ஊர் சென்றனர். தீவாரோ வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில், மின்சாரமின்றி இருந்தனர். விருந்தினரை நம்பி வாழ்ந்தவர்களுக்கு வீட்டோடு வேலையும் போயிற்று. எல்விஸ் பிரெஸ்லி நடித்த ‘புளூ ஹவாய்’ படத்தின் காட்சிகள் எடுக்கப்பட்ட கோகோ பாம்ஸ் விடுதி, அன்று மூடிய கதவை மறுபடி திறக்கவேயில்லை. பல்லாண்டுகள் கூரையற்ற சுவர்களாக நின்றது.

இன்று கவாய்க்குச் செல்வோர் எங்கு நோக்கினும் காட்டுக் கோழிகளைக் காண்பர். கடைத்தெருவிலும், கடற்கரையிலும், விமான நிலையத்தின் அருகிலும் அவை திரிகின்றன. விடியுமுன்னரே கூவித் துயில் கெடுக்கும் சேவல்களைப் பற்றி வெளியூரார் குறைபட்டுக்கொள்வது உண்டு. இவாவும் இனிக்கியும் கூண்டுகளை உடைத்தபோது வெளியேறிய கோழிகளின் வழித்தோன்றல்கள் அவை என்று தீவார் அவர்களுக்கு விளக்குகின்றனர்.