பல்லுக்கு என்று ஒரு கவர்

பால், மளிகை, பள்ளிக்கூடப் பீஸ், கரண்ட், காஸ் என்று பத்தி போட்டுக் கணக்கு எழுதுகிறோமே, அந்த நோட்டில் 'பல்' என்று ஒரு பத்தி எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது, சொல்லுங்கள்? காய்ச்சல், ஜலதோஷத்துக்குக் கொஞ்சம் ஒதுக்குவோம். கல்யாண மொய்க்குக்கூட ஒதுக்குவோம். பல்லுக்கு மட்டும் வலி வந்த பிறகுதான் பணம் தேடுவோம். டாக்டர் கேட்கிற தொகையில் வலியே மறந்து போகும்!

"அதான் இன்ஷூரன்ஸ் கட்டறோமே?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். தவறாமல் பிரீமியம் கட்டுகிறவள். போன வருஷம் அவள் பையன் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் பாதி உடைந்து விட்டது. பல் டாக்டர் அன்றைக்கே சரி பண்ணி அனுப்பி விட்டார். பில்லை அனுப்பினால், 'ஆஸ்பத்திரியில் சேர்க்கவில்லை, ஆகையால் பணம் கிடையாது' என்று பதில். அவளுக்கு ஆத்திரமான ஆத்திரம். இரண்டு பேருமாக உட்கார்ந்து பாலிசித் தாள்களை வரி வரியாகப் படித்தோம். அப்படித்தான் போட்டிருந்தது!

நம் நாட்டில் குடும்பங்கள் எடுக்கிற மருத்துவ பாலிசிகளில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரியில் படுத்துச் செய்து கொள்ளும் வைத்தியத்துக்கானவை. பல் வைத்தியத்தை விலக்குப் பட்டியலில் வைத்து, விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் மட்டும் தருவதாக எழுதியிருப்பார்கள். சொத்தையை அடைப்பது, காறை எடுப்பது, வேர் சிகிச்சை எல்லாம் நாற்காலியில் சாய்ந்தபடியே முடிந்து விடுகிற வேலை. அதற்கு யார் நம்மை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போகிறார்கள்? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் பெரிய வைத்தியங்களுக்கென்று வந்ததுதான். பல் சுத்தம் செய்ய அந்தக் கார்டை நீட்டிப் பயனில்லை.

சில கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் வெளிநோயாளிச் செலவுக்கும் சேர்த்து பாலிசி கொடுத்திருப்பார்கள். அதில் பல்லுக்கு என்று வருஷத்துக்கு ஒரு வரம்பு இருக்கலாம். உங்கள் வீட்டுக்காரரை ஆபீசில் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். ஆண்களுக்கு இதெல்லாம் ஞாபகமே இருக்காது. வருஷம் முடிந்தால் அந்தச் சலுகையும் போச்சு.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிற வீடுகளுக்கு இன்னொரு விஷயம். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளில் பல் பிரிவு உண்டு. வேலை பார்ப்பவருக்கு மட்டுமில்லை, அவரை நம்பியிருக்கிற குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. மாதா மாதம் பணம் பிடித்தும் அந்த வாசலை மிதிக்காத குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே நாலைந்து இருக்கின்றன.

தனியாக ஒரு தொகை கட்டினால் பல்லுக்கும் சேர்த்துத் தருகிறோம் என்று ஏஜெண்டுகள் வந்தால், கூடுதலாகக் கட்டுவது எவ்வளவு, வருஷத்துக்கு அதிகபட்சம் கிடைப்பது எவ்வளவு, எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் என்பது வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்கிற ஆபத்துக்குப் பொருத்தமான ஏற்பாடு. பல்லில் காறை படிவது அப்படியா? எல்லோருக்கும் படிகிறது. எல்லோருக்கும் நிச்சயமாக வரப் போகிற செலவை எந்தக் கம்பெனி கையைக் கடித்துக் கொண்டு கொடுக்கும்? நம்மிடம் வாங்கித்தான் நமக்குத் தர வேண்டும்.

அப்படியானால் நாமே சேர்த்து வைத்தால் என்ன? நான் சொல்ல வந்ததே அதுதான். அதற்கு முன் என் நாத்தனார் கதையைக் கேளுங்கள். (அவளிடம் கேட்டுக் கொண்டுதான் எழுதுகிறேன்.)

கடைவாய்ப் பல்லில் மிளகு அளவு கறுப்பு. டாக்டர் பார்த்து விட்டு, அடைக்க 800 ரூபாய் ஆகும் என்றார். தீபாவளி வருகிறது, குழந்தைகளுக்குத் துணி எடுக்க வேண்டும் என்று தள்ளினாள். அப்புறம் பொங்கல். அப்புறம் பையனுக்கு டியூஷன் பீஸ். நடுவில் வலித்தது, கிராம்புத் தைலம் வைத்தாள். ஒரு நாள் வலி தானாகவே நின்று விட்டது. "சரியாப் போச்சு அண்ணி" என்று சந்தோஷமாக போன் பண்ணினாள். சரியாகவா போயிற்று? உள்ளே நரம்பு செத்துப் போனால் வலி நிற்கும். சீழ் மட்டும் வேரடியில் சேர்ந்து கொண்டே இருக்கும். இரண்டு மாதம் கழித்துக் கன்னம் பூரி மாதிரி வீங்கி, இரவோடு இரவாக ஓட வேண்டியதாயிற்று. வேர் சிகிச்சை, மேலே உறை, எக்ஸ்ரே, மருந்து எல்லாமாக 9,400 ரூபாய். கைவளையை அடகு வைத்தாள்.

அவள் கணவருக்கோ குழந்தைகளுக்கோ அந்தக் கறுப்பு வந்திருந்தால் மறுநாளே அழைத்துப் போயிருப்பாள். தன் பல் என்பதால்தான் தீபாவளி, பொங்கல் எல்லாம் குறுக்கே வந்தது. சோறு மிச்சமிருந்தால் சாப்பிடுகிற மாதிரி, பணம் மிச்சமிருந்தால் வைத்தியம்! நம்மில் எத்தனை பேர் இப்படி ஒரு பக்கமாகவே மென்று கொண்டு காலம் தள்ளுகிறோம்?

எங்கள் வீட்டில் நாலு பேர். மாதம் 300 ரூபாயை மளிகைப் பணத்தோடு சேர்த்து எடுத்து, மேலே 'பல்' என்று எழுதிய ஒரு கவரில் போட்டு விடுகிறேன். வருஷத்துக்கு 3,600. குரோம்பேட்டையில் எங்கள் டாக்டர் பார்ப்பதற்கு 200 ரூபாய், காறை எடுக்க 800 ரூபாய் வாங்குகிறார். குழந்தைகள் இருவரும் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் போனால் 800 ரூபாய். எங்கள் இருவருக்கும் வருஷத்துக்கு ஒரு தரம் காறை எடுக்க 1,600. பாக்கி 1,200-ல் ஒரு பல்லை அடைத்து விடலாம். சொத்தை இல்லாத வருஷம் பாக்கி அப்படியே அடுத்த வருஷத்துக்குப் போகும். உங்கள் ஊரில் கட்டணம் கூடக் குறைய இருக்கும். கணக்குப் போடுகிற முறை ஒன்றுதான். ஒன்று மட்டும் கண்டிப்பு: அந்தக் கவரிலிருந்து காஸ் சிலிண்டருக்குக் கைமாற்று வாங்கக் கூடாது.

காறை எடுத்தால் பல் ஆடிப் போகும் என்று என் மாமியார் இன்றைக்கும் சொல்வார்கள். பல்லிடுக்கில் கல் மாதிரி அடைத்திருந்தது போனதும் சந்து தெரிகிறது, நாக்குக்குப் புதிதாக இருக்கிறது, அவ்வளவுதான். காறையை அப்படியே விட்டால்தான் ஈறு இறங்கிப் பல் ஆடும். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும்.

மாதம் 300 ரூபாய் எடுத்து வைக்க முடியாத வீடுகளும் உண்டு. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்தின் பக்கத்திலேயே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக ஆரம்பித்தது. கடற்கரை ரயிலில் வருகிறவர்கள் கோட்டையில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளிலும் பல் பிரிவு இருக்கும். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளில்கூட வெளியில் ஆவதைவிடக் குறைவாகவே ஆகும். மாணவர்கள்தான் செய்வார்கள், ஆனால் பெரிய டாக்டர் வந்து பார்த்துச் சரி என்ற பிறகுதான் அடுத்த வேலை. அதனால் நேரம் பிடிக்கும். மாமியாருக்குப் பல் செட் கட்ட ஆறு தரம் நானே கூட்டிப் போனேன். வேளைக்கு ஒரு பொட்டலம் இட்லி, ஒரு பாட்டில் தண்ணீர். பணத்துக்குப் பதில் பொழுதைக் கொடுத்தோம் என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஆறு வயது வாக்கில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. எந்தப் பல்லும் விழாததால் இதையும் பால் பல் என்று நினைத்து, "விழப் போற பல்தானே" என்று சொத்தையை விட்டு விடுகிறோம். அது விழுந்து முளைக்கிற பல் இல்லை, ஆயுசுக்கும் அதுதான்! மேலே ஆழமான பள்ளங்கள் இருப்பதால் மாவுப் பண்டமும் மிட்டாயும் அதில்தான் தங்கும். அந்தப் பள்ளத்தை மெல்லிய பூச்சால் மூடி விடலாம். துளை போட வேண்டாம், ஊசி வேண்டாம், குழந்தை அழாது. கவர்ப் பணத்தை முதலில் செலவழிக்க இதைவிடத் தகுந்த இடம் எனக்குத் தெரியவில்லை. ஃபுளோரைடு பேஸ்ட் வாங்குங்கள். மூன்று வயது வரை அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் பிரஷ் முழுக்க நெளிநெளியாகப் பிதுக்குவது அவர்கள் வியாபாரத்துக்கு.

இன்னொன்று. டாக்டரிடம் பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். புடவைக் கடையில் பத்து ரூபாய்க்கு வாதாடுகிற நாம், பல் டாக்டர் முன்னால் வாயைத் திறந்ததோடு சரி! "இன்றைக்கே செய்தாக வேண்டியது எது, ஆறு மாதம் பொறுக்கக் கூடியது எது?" என்று கேளுங்கள். மொத்தச் செலவை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். உறையில் பல தினுசு இருக்கிறது. உள்ளே கிடக்கிற கடைவாய்ப் பல்லுக்கு விலை குறைந்த உலோக உறையே வருஷக்கணக்கில் உழைக்கும். வெள்ளையாகத்தான் வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம். எக்ஸ்ரே எடுத்தால் அதைக் கேட்டு வாங்கி வந்து, ரேஷன் கார்டு இருக்கிற ஃபைலிலேயே போட்டு வையுங்கள். வேறு டாக்டரிடம் போனால் மறுபடி எடுக்கிற செலவு மிச்சம்.