பக்கத்தில் இருப்பவர்

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள் உங்களுக்கு நினைவிருக்கலாம். மருத்துவத்திற்கு நான்கு பகுதிகள் உண்டு என்கிறார் வள்ளுவர். நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றையும் யாரும் சொல்லிவிடுவோம். நான்காமவரை அவர் 'உழைச்செல்வான்' என்கிறார். 'உழை' என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் இருந்து வேண்டியதைச் செய்பவர் என்று பொருள். தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்த எனக்கு, அந்த நான்காமவர் ஏன் தேவை என்பது 2017இல்தான் புரிந்தது.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி. தோ பாயோவில் மூவறை வீட்டில் வசித்த ஒரு பாட்டியை வாரந்தோறும் தொண்டூழியராகச் சந்தித்து வந்தேன். அவருக்கு 76 வயது. மகன் லாரி ஓட்டுநர், விடியும்முன் வேலைக்குப் போய்விடுவார். ஒருநாள் பாட்டிக்கு இலேசான பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். வீடு திரும்புவதற்கு முன் அவரைச் சோதித்த பணியாளருக்குத் தமிழ் தெரியாது. நான் மொழிபெயர்த்தேன்.

ஆறு கேள்விகள்

சிங்கப்பூரில் ஒருவருக்கு எவ்வளவு பராமரிப்பு தேவை என்பதைப் பெரும்பாலும் ஆறு அன்றாடச் செயல்களை வைத்தே கணிக்கிறார்கள். குளித்தல், உடுத்துதல், உண்ணுதல், கழிவறைக்குச் செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகியவையே அவை. 2020இல் தொடங்கிய கேர்‌ஷீல்டு லைஃப் காப்புறுதியும் இவற்றில் மூன்றைத் தாமாகச் செய்ய முடியாதவர்களுக்கே மாதந்தோறும் பணம் வழங்குகிறது. ஆகவே இந்தக் கேள்விகளுக்கு நாம் சொல்லும் பதில்தான் பல உதவிகளுக்கு வாசற்படி.

"தாமாகக் குளிக்க முடியுமா?" என்று கேட்டார் பணியாளர். "முடியும்மா. எல்லாம் நானே பாத்துக்குவேன். யாருக்கும் தொந்தரவு கொடுக்க மாட்டேன்," என்றார் பாட்டி. ஆறு கேள்விகளுக்கும் ஏறத்தாழ இதே பதில். நான் சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன். கையில் ஏழு விளக்கத்தாள்களைக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. பாட்டி அவற்றைப் பத்திரமாகச் சாமி மேடையில், முருகன் படத்திற்குப் பின்னால் வைத்தார்.

பத்தாம் நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

அன்று முழுவதும் எனக்கு மனம் ஆறவில்லை. அவர் வீட்டுக் குளியலறை வாசலில் ஒரு சிறிய படி இருப்பதும், அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே நடப்பதும் எனக்குத் தெரிந்த விஷயங்கள். 'அவர் பெருமைக்காகச் சொல்கிறார்' என்பதும் தெரியும். மொழிபெயர்ப்பவள் என்பதால் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன்.

கதவுகள் பல

இரண்டாம் முறை மருத்துவமனையில் எங்களைச் சந்தித்தவர் ஒரு மருத்துவச் சமூக ஊழியர். மருத்துவமனைகளில் இப்படி ஒருவர் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. கட்டணம் கட்ட வழியில்லாதவர்களுக்கு 1993இல் அமைக்கப்பட்ட மெடிஃபண்ட் நிதிக்கு விண்ணப்பிப்பது இவர் மூலமாகத்தான். வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள், வருமானம் என்ன, வீடு திரும்பிய பிறகு எந்தச் சேவை தேவைப்படும் என்பதையெல்லாம் கேட்டறிவதும் இவர் வேலை.

"பாட்டி சொல்வதை அப்படியே சொல்கிறேன். ஆனால் நான் வீட்டில் பார்த்ததையும், அவர் சம்மதித்தால், தனியாகச் சொல்லலாமா?" என்று இம்முறை கேட்டேன். பாட்டி தலையாட்டினார். ஊழியர் கேள்வியையே மாற்றினார். "குளிக்க முடியுமா?" என்று கேட்காமல், "இன்று காலை எப்படிக் குளித்தீர்கள்? தண்ணீரை யார் எடுத்து ஊற்றினார்கள்?" என்று கேட்டார். அப்போதுதான் உண்மை வந்தது. விழுவதற்கு முன்பே ஒரு வாரமாகப் பாட்டி குளிக்கவில்லை. ஈரத் துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். விழுந்த அன்று வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளிக்க வேண்டும் என்று துணிந்து போயிருக்கிறார்.

அந்த ஒரு பதிலிலிருந்து மூன்று கதவுகள் திறந்தன.

முதலாவது வீடு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2012இல் தொடங்கிய 'ஈஸ்' திட்டத்தின்கீழ், மூத்தோர் வீடுகளில் கைப்பிடிக் கம்பிகள் பொருத்தி, குளியலறைத் தரை வழுக்காமல் இருக்கச் செய்துதருகிறார்கள். செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்கிறது. 65 வயதைக் கடந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். 2024 முதல் இத்திட்டம் மேலும் விரிவாக்கப்பட்டுள்ளது.

இரண்டாவது பராமரிப்பு. 2009இல் உருவான ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு, மருத்துவமனைக்கும் அக்கம்பக்கத்துச் சேவைகளுக்கும் பாலமாக உள்ளது. பகல்நேர மறுவாழ்வு நிலையம், வீட்டுக்கு வந்து கவனிக்கும் தாதியர், வீட்டுக்கே வரும் உணவு, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வாகனம் போன்றவற்றுக்கு இதன்வழி ஏற்பாடு செய்யலாம். சக்கர நாற்காலி, ஊன்றுகோல் போன்றவற்றுக்கும் உதவித்தொகை உண்டு.

மூன்றாவது வருமானம். பாட்டியைப் பார்த்துக்கொள்ள மகன் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்ததால் வாடகையும் மின்கட்டணமும் பாக்கி விழுந்தன. இதற்குச் சமூகச் சேவை அலுவலகத்தை நாட வேண்டும். 2013 முதல் குடியிருப்புப் பேட்டைகளில் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்ட இந்த அலுவலகங்கள் இன்று தீவெங்கும் உள்ளன. 2005இல் அறிமுகமான காம்கேர் உதவி இங்கேதான் பரிசீலிக்கப்படுகிறது.

கதவுகளுக்கு நடுவே

இந்த மூன்றும் முதல் தடவையும் இருந்தன. ஏழு விளக்கத்தாள்களில் இவை பற்றிய விவரங்களும் இருந்திருக்கும். எது மாறியது?

இம்முறை அந்த ஊழியர் தாளைக் கொடுத்து அனுப்பவில்லை. பாட்டியிடமும் மகனிடமும் தகவலைப் பகிர ஒப்புதல் வாங்கிக்கொண்டு, எங்கள் முன்னாலேயே சமூகச் சேவை அலுவலகத்திற்குத் தொலைபேசியில் பேசினார். யாரைப் பார்க்க வேண்டும், எந்த நாள், எத்தனை மணி, அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, மத்திய சேமநிதிக் கணக்கறிக்கை என எவற்றைக் கொண்டுபோக வேண்டும் என்பதை ஒரே தாளில் எழுதித் தந்தார். நான் அதைத் தமிழில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினேன். குறித்த நாளில் மகனுடன் கூடவே போனேன். நடந்த கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உதவித் திட்டம் என்பது ஓர் இடம். அந்த இடத்திற்கும் அடுத்த இடத்திற்கும் இடையே உள்ள வழியில்தான் நம் மூத்தோர் பலர் நின்றுவிடுகிறார்கள். மொழி ஒரு காரணம். பிறரிடம் கைநீட்டக் கூடாது என்ற மானம் இன்னொரு காரணம். படிவம் ஒரு முறை திரும்பி வந்தால் மறுபடி போக மாட்டார்கள். நம் சமூகத்தில் 1991 முதல் இயங்கும் சிண்டா போன்ற அமைப்புகள் இந்த இடைவெளியில் பணியாற்றுகின்றன. ஆனாலும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவர்கள் நிற்க முடியுமா?

நாம் என்ன செய்யலாம்?

பேரவை உறுப்பினர்களான நமக்கு இரண்டு மொழிகள் கைவசம் உள்ளன. மேடைப் பேச்சுக்கும் விவாதத்திற்கும் பயன்படும் அதே தமிழ் இங்கேயும் பயன்படும். என் அனுபவத்தில் கற்ற சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவதாக, "முடியுமா?" என்று கேட்காதீர்கள். "இன்று எப்படிச் செய்தீர்கள்?" என்று கேளுங்கள்.

இரண்டாவதாக, மொழிபெயர்க்கும்போது எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். நீங்கள் கண்டதைச் சொல்ல விரும்பினால், பெரியவரின் சம்மதத்துடன், 'இது நான் கண்டது' என்று தனியாகச் சொல்லுங்கள்.

மூன்றாவதாக, தொலைபேசி எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். பக்கத்தில் அமர்ந்து நீங்களே எண்ணை அழுத்திக் கொடுங்கள். ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் எண் 1800-650-6060. காம்கேர் எண் 1800-222-0000.

நான்காவதாக, ஒரு வாரம் கழித்துப் போய், "அவர்கள் வந்தார்களா?" என்று கேளுங்கள். பல ஏற்பாடுகள் இந்தக் கேள்வி கேட்கப்படாததால்தான் பாதியில் நின்றுபோகின்றன.

பாட்டியின் குளியலறையில் கம்பி பொருத்திய அன்று நான் அங்கிருந்தேன். அவர் அதைப் பிடித்து இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு முருகன் படத்திற்குப் பின்னாலிருந்து அந்த ஏழு தாள்களையும் எடுத்து வந்து, "இதுல என்னதாம்மா எழுதியிருக்கு? படிச்சுச் சொல்லு," என்றார். ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த ஒரு மணி நேரத்தை முதல் வாரத்திலேயே நான் கொடுத்திருக்கலாம்.

உங்கள் புளோக்கிலும் இப்படிச் சில தாள்கள் சாமி மேடையில் காத்திருக்கலாம். இந்த விடுமுறையில் ஒரு கதவைத் தட்டிப் பாருங்கள்.