கைதூக்காமல் பேசும் வகுப்பறை

பண்பாட்டுக்கு இயைந்த எழுத்தறிவுக் கற்பித்தல் என்பது, குழந்தை வீட்டிலும் தெருவிலும் பெற்ற அறிவையும் பழகிய பேச்சுமுறையையும் அடித்தளமாகக் கொண்டு வாசிக்கவும் எழுதவும் கற்பிப்பதாகும். திருவிழாக்களையும் உணவு வகைகளையும் பாடநூலில் சேர்த்துவிட்டால் இது நிறைவேறிவிடும் என்று பலர் கருதினாலும், யார், எப்போது, எவ்வாறு பேசலாம் என்னும் வகுப்பறை வழக்கம் மாறாதவரை அந்தச் சேர்க்கை மேற்பூச்சாகவே நின்றுவிடும்.

1970களில் ஹோனலூலுவில் கமேஹமேஹா பள்ளிகளின் ஆரம்பக் கல்வித் திட்டம் இதை நடைமுறையில் காட்டியது. வாசிப்பில் பின்தங்கியிருந்த ஹவாய்ப் பூர்வகுடிக் குழந்தைகளுக்கு எழுத்தொலிப் பயிற்சியைவிடக் கதையின் பொருளறிதலுக்கே அங்கு முதன்மை தரப்பட்டது. கதையில் மீன்பிடிக் காட்சி வருமானால், மீன்பிடித்தலைப் பற்றிக் குழந்தைகள் அறிந்தவற்றை ஆசிரியர் முதலில் கேட்பார். பின்னர் ஒரு பகுதியை அவர்களே மௌனமாக வாசிக்கச் செய்து, அதைப் பற்றி வினவி, இறுதியில் அனுபவத்தையும் கதையையும் அவர்கள் இணைத்துப் பார்க்குமாறு செய்வார்.

அந்த உரையாடலின் வடிவமே இன்னும் முக்கியமானது. ஹவாய் மக்களிடையே ‘டாக் ஸ்டோரி’ எனப்படும் பேச்சு வழக்கம் உண்டு. ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் இடையில் புகுந்து வளர்க்க, பலர் கூடி ஒரே கதையை உருவாக்குவது அதன் இயல்பு. ஒவ்வொருவராகக் கைதூக்கி விடை சொல்ல வேண்டும் என்று வலியுறுத்திய பாடத்தில் குழந்தைகளின் கவனம் சிதறியதையும், இந்தக் கூட்டுப்பேச்சுக்கு இடமளித்த பாடத்தில் அவர்கள் கதையை ஒட்டிக் கூடுதலாகச் சிந்தித்துப் பேசியதையும் ஆய்வாளர் கேத்ரின் ஆவ் பதிவுசெய்துள்ளார். இரைச்சல் என்று தோன்றினும் அது ஒழுங்கற்ற பேச்சன்று. எதைப் பற்றிப் பேசுவது என்பதை ஆசிரியர் தீர்மானிக்க, யார் பேசுவது என்பது குழந்தைகளிடம் விடப்பட்டது.

எனினும் இதையே எல்லா இடங்களுக்கும் உரிய சூத்திரமாக்குவது, திட்டத்தின் அடிப்படையையே மறுப்பதாகும். 1980களில் அரிசோனாவின் ரஃப் ராக்கில் நவஹோ பூர்வகுடிக் குழந்தைகளிடம் இம்முறை சோதிக்கப்பட்டபோது, அவர்கள் ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடாமல் நீண்ட நேரம் பேசுவதையும், கதையைத் துண்டுதுண்டாக அலசுவதற்கு முன் முழுவதும் கேட்பதையும் விரும்பினர். ஹவாயில் ஆணும் பெண்ணும் கலந்த நால்வர், ஐவர் குழுக்களில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டனர். ரஃப் ராக்கிலோ அத்தகைய குழுக்களில் உதவி எழவில்லை, ஒரே பாலினத்தவரான இருவரும் மூவரும் சேர்ந்தபோதே எழுந்தது. பொருளறிதலுக்கு முதன்மை தரும் நோக்கு அங்கும் மாறவில்லை. குழு அமைப்பும் பேச்சுமுறையும் அந்தப் பிள்ளைகளைக் கவனித்தபின் மாற்றப்பட்டன.